படகு நேரத்திலிருந்து பின்னோக்கி: மாலத்தீவில் ஆறு இரவுக்கான ஒரு திட்டத்தின் ஆய்வு

மாலத்தீவுப் பயணத்தைப் பெரும்பாலானோர் அறையிலிருந்து தொடங்குகிறார்கள். தண்ணீர்மேல் நிற்கும் மரவீட்டின் படம் மனதைப் பிடித்துவிடுகிறது. அறையைப் பதிவு செய்கிறார்கள், மலிவாகக் கிடைத்த விமானச் சீட்டை வாங்குகிறார்கள், விமான நிலையத்திலிருந்து அந்தத் தீவுக்கு எப்படிப் போவது என்று கடைசியில்தான் கேட்கிறார்கள். இங்கே ஆராயும் திட்டமும் அப்படித்தான் தொடங்கியது. அது ஏன் நிலைக்கவில்லை, எப்படித் திருத்தப்பட்டது, திருத்திய பிறகும் எங்கே இடறியது என்பதே இந்தப் பதிவு.

இது ஒரே வீட்டின் கதை அல்ல. திட்டமிடும்போது திரும்பத் திரும்ப எழும் தேவைகளையும் தவறுகளையும் ஒரு குடும்பத்தில் சேர்த்து வரைந்திருக்கிறோம். அறை, படகு, உலா ஆகியவற்றுக்கு இதில் வரும் விலைகள் மாதிரி விலைகள். வரி விகிதங்கள் நடப்பில் உள்ளவை.

குடும்பமும் முதல் திட்டமும்

நால்வர்: கணவன், மனைவி, 11 வயது மகள், 68 வயதுப் பாட்டி. பாட்டிக்கு முழங்கால் வலி உண்டு. மீன், கறி சாப்பிடமாட்டார். மகளுக்கு நீச்சல் குளத்தில் மட்டும் நீந்தத் தெரியும். பள்ளி விடுமுறையால் ஏப்ரலில்தான் போக முடியும். விமானச் சீட்டு நீங்கலாகக் கையிருப்பு 2,500 டாலர். ஆசைகள் மூன்று: தண்ணீர்மேல் வீட்டில் தங்குவது, மாண்டா எனும் பெருந்திருக்கைகளைப் பார்ப்பது, மீதி நாட்களைச் செலவு குறைந்த தீவில் கழிப்பது.

முதல் திட்டப்படி வெள்ளிக்கிழமை மாலை 4.40க்குத் தலைநகர் மாலேக்கு அருகிலுள்ள வேலானா விமான நிலையத்தில் இறங்கி, கடல் விமானத்தில் ஒரு ரிசார்ட்டுக்குப் போய் இரண்டு இரவு தங்குவார்கள். பிறகு அரசு ஃபெர்ரியில் மாஃபுஷி என்ற தீவுக்குப் போய் நான்கு இரவு. அங்கிருந்து ஒரு நாள் ஹனிஃபாரு வளைகுடாவுக்குப் போய்த் திருக்கைகளைப் பார்த்துவிட்டு வருவார்கள். வியாழன் காலை 7.30க்கு ஊர் திரும்பும் விமானம்.

தாளில் அழகாக இருந்த இந்தத் திட்டம் நான்கு இடத்தில் உடைந்தது.

முதலாவது, கடல் விமானம் பகலில் மட்டுமே பறக்கும். தண்ணீரில் இறங்கும் விமானி அலையையும் பாறைத்திட்டையும் கண்ணால் பார்த்தாக வேண்டும். பிற்பகல் மூன்றரை மணிக்குப் பிறகு தரையிறங்குகிறவர்களுக்கு அன்றைய கடல் விமானம் கிடைப்பது அரிது. 4.40க்கு இறங்கினால் முதல் இரவு மாலேயிலோ விமான நிலையத்தை ஒட்டிய ஹுல்ஹுமாலேயிலோதான் போகும். ரிசார்ட்டோ அந்த இரவுக்கும் முழு வாடகை எடுக்கும். கட்டணமும் இந்தக் குடும்பத்தின் கைக்கு எட்டாது. போய்வர ஒருவருக்கு 400 டாலரைத் தாண்டுவது வழக்கம், ஆக மொத்தக் கையிருப்பில் பாதிக்கும் மேல் வானத்திலேயே கரைந்துவிடும். எடை வரம்பும் உண்டு: பெட்டி 20 கிலோ, கைப்பை 5 கிலோ. பெரிய விமானத்தில் அனுமதித்த எடையை நம்பி மூட்டை கட்டுகிறவர்கள் இங்கே கூடுதல் கட்டணம் கட்டுகிறார்கள்.

இரண்டாவது, வெள்ளிக்கிழமை. மாலத்தீவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். அரசு ஃபெர்ரி பெரும்பாலான வழித்தடங்களில் வெள்ளியன்று ஓடாது. தனியார் ஸ்பீட்போட்டுகளும் அன்று எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் ஜும்ஆ தொழுகைக்குப் பிறகே கிளம்பும். நண்பகல் தொழுகை நேரத்தில் கடைகளும் சிற்றுண்டிச்சாலைகளும் மூடியிருக்கும். வெளியிலிருந்து வருகிறவர்களின் திட்டத்தை இந்த ஒரு கிழமை கலைப்பதுபோல வேறெதுவும் கலைப்பதில்லை. விமானச் சீட்டு வாங்கும்போது தேதியைப் பார்க்கிறோமே தவிரக் கிழமையைப் பார்ப்பதில்லை.

மூன்றாவது, ஹனிஃபாரு. அது பா அட்டோல் எனும் பவளத்தீவுக் கூட்டத்தில் உள்ளது. மாலேயிலிருந்தே நூறு கிலோமீட்டருக்கு மேல் வடமேற்கே. மாஃபுஷியோ மாலேக்குத் தெற்கே. காலையில் போய் மாலையில் திரும்பும் தூரம் இல்லை. அதைவிடப் பெரிய பிசகு பருவம். திருக்கைகள் அங்கே கூட்டமாக வருவது தென்மேற்குப் பருவக் காற்றின் மாதங்களில், ஜூன் முதல் நவம்பர் வரை. அந்தக் காலத்து நீரோட்டம் மிதவை உயிரிகளை அந்தச் சிறிய வளைகுடாவுக்குள் ஒதுக்கிக் குவிக்கிறது, இரை தேடி அவை வருகின்றன. ஏப்ரலில் போனால் வெறும் தண்ணீர்தான். பா அட்டோல் 2011 முதல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகம். ஹனிஃபாருவில் காற்றுக் கலனோடு மூழ்கும் ஸ்கூபா கிடையாது, மூச்சுக்குழாயோடு மேல்மட்டத்தில் மிதந்து பார்க்கும் ஸ்நோர்கல் மட்டும்தான். அனுமதிச் சீட்டும் நேர வரம்பும் உண்டு. பருவத்தில் போக நினைக்கிறவர்கள் தரவந்தூ தீவிலேயே தங்குவது நல்லது. வளைகுடா அங்கிருந்து படகில் சில நிமிடம்தான்.

நான்காவது, திரும்பும் விமானம். காலை 7.30 விமானத்துக்கு 4.30க்கு நிலையத்தில் இருக்க வேண்டும். அந்நேரத்துக்கு எந்தத் தீவிலிருந்தும் வழக்கமான படகு இல்லை. தனிப் படகு அமர்த்தலாம், ஆனால் கட்டணம் பல நூறு டாலர், அதுவும் இருட்டில். கடைசி இரவை விமான நிலையத்துக்குத் தரைவழி உள்ள இடத்தில் வைக்காத எந்தத் திட்டமும் இந்தச் செலவைத்தான் கூப்பிடுகிறது.

நீரின் அமைப்பு

இங்கே சற்று நிற்க வேண்டும், ஏனென்றால் மீதி முடிவுகளெல்லாம் இதிலிருந்தே பிறக்கின்றன.

சுமார் 1,190 தீவுகள், 26 இயற்கை அட்டோல்கள். அட்டோல் என்ற சொல்லே மாலத்தீவின் திவேகி மொழியிலிருந்து உலகத்துக்குப் போனதுதான். வடக்கிலிருந்து தெற்காக நீண்டு கிடக்கும் இந்த நாட்டைத்தான் முதலாம் ராஜராஜனின் மெய்க்கீர்த்தி ‘முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரம்’ என்கிறது என்பது ஆய்வாளர்களின் பொதுவான கருத்து. ஒவ்வோர் அட்டோலும் பவளப் பாறை விளிம்பால் சூழ்ந்த வட்டம். விளிம்புக்குள் கடல் ஆழம் குறைவாகவும் அமைதியாகவும் இருக்கும். இரண்டு அட்டோல்களுக்கு நடுவே திறந்த கடல். அதைக் கடக்கும்போதுதான் ஸ்பீட்போட் துள்ளி அறைகிறது, வயிறு புரட்டுகிறது.

அதனால் ‘மாலேயிலிருந்து எவ்வளவு தூரம்’ என்ற கேள்வியைவிட ‘நடுவே எத்தனை திறந்த கடலைக் கடக்க வேண்டும்’ என்ற கேள்வி பயனுள்ளது. மாஃபுஷி, குல்ஹி போன்ற தெற்கு மாலே அட்டோல் தீவுகளுக்கு ஒரு குறுகிய கால்வாயைக் கடந்தால் போதும், ஸ்பீட்போட்டில் 30 முதல் 45 நிமிடம். மேற்கே அரி அட்டோலுக்குப் போக அகன்ற திறந்த கடலைத் தாண்ட வேண்டும், ஒன்றரை முதல் இரண்டேகால் மணி நேரம்.

காற்றும் கணக்கில் வர வேண்டும். திவேகியில் இருவாய் என்பது வடகிழக்குக் காற்று, நம் கடற்கரையின் வாடை. ஜனவரி முதல் ஏப்ரல் தொடக்கம் வரை வானம் தெளிந்து கடல் அடங்கியிருக்கும். ஹுல்ஹங்கு தென்மேற்குக் காற்று, நம் கச்சான். மே முதல் நவம்பர் வரை மழை, காற்று, அலை. மாலத்தீவு மீனவர்கள் ஆண்டை 27 நகய்களாகப் பிரிக்கிறார்கள். நம் நட்சத்திரங்களேதான்: அஸ்ஸிதா என்பது அசுவினி, புருணு பரணி, கெத்தி கார்த்திகை, ரோவனு ரோகிணி. அஸ்ஸிதா ஏப்ரல் 8 முதல் 21 வரை, வெயிலும் வறட்சியும் என்பது மரபுக் கணிப்பு. மே மாதத்துக் கெத்தியிலும் ரோவனுவிலும் கருமேகமும் புயற்காற்றும். விடுமுறையின் எந்த வாரம் என்று குடும்பம் தயங்கியபோது ஏப்ரல் இரண்டாம் வாரத்தைத் தேர்ந்ததற்கு இதுவே காரணம். மே நடுவில் போனால் அறை வாடகை குறையும், ஆனால் இரண்டு மணி நேரத் திறந்த கடல் பயணம் பாட்டிக்குத் தண்டனையாகிவிடும்.

ரமலானையும் பார்க்க வேண்டும். 2026, 2027 ஆண்டுகளில் நோன்பு மாதம் பிப்ரவரி, மார்ச்சில் வருகிறது, அதாவது நல்ல வானிலையின் நடுவில். மக்கள் வாழும் தீவுகளில் பகலில் உணவகங்கள் மூடியிருக்கும். தங்கும் விடுதி சமைத்துத் தரும், வெளியே சாப்பிட இடமிருக்காது. ஏப்ரலில் அந்தத் தொல்லை இல்லை.

தீவு மாறியது

திருக்கை ஏப்ரலில் இல்லை என்றானதும் கேள்வியைத் திருப்பிப் போட்டோம்: ஏப்ரலிலும் காணக் கிடைக்கும் பெரிய கடலுயிர் எது? திமிங்கிலச் சுறா. தெற்கு அரி அட்டோலின் விளிம்பில் அது ஆண்டு முழுவதும் திரிகிறது. 2009இல் அந்தப் பகுதி பாதுகாக்கப்பட்ட கடற்பரப்பாக அறிவிக்கப்பட்டது. அங்கே தென்படுபவை பெரும்பாலும் வளரிளம் ஆண் சுறாக்கள்.

அந்த விளிம்பை ஒட்டிய குடியிருப்புத் தீவுகள் திகுரா, தங்கெத்தி, மாமிகிலி. திகுரா என்றால் நீண்ட தீவு என்று பொருள், ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நீளம், தென்முனையில் மணல்திட்டு. சுற்றுலாப் பயணிகள் நீச்சலுடையில் குளிக்கத் தனிக் கடற்கரையும் உண்டு. ஆகவே திகுரா.

மாமிகிலிக்கு உள்நாட்டு விமானத்தில் போய் அங்கிருந்து குறுகிய படகுப் பயணத்தில் திகுரா சேரும் வழியும் இருக்கிறது. முதுகுத் தண்டில் கோளாறு உள்ளவர், கர்ப்பிணி, கச்சான் காலத்தில் போகிறவர் ஆகியோருக்கு அதையே பரிந்துரைப்போம். இங்கே பிரச்சினை முழங்கால், மாதம் ஏப்ரல். ஸ்பீட்போட் போதும் என்று முடிவானது.

தண்ணீர்மேல் வீடு கைவிடப்பட்டது. மனைவிக்கு அதில் வருத்தம்தான். ஆனால் 2,500 டாலரில் நால்வருக்கு இரண்டு இரவு ரிசார்ட் என்றால் மற்ற நான்கு இரவுக்கும் சாப்பாட்டைக் கணக்குப் பார்க்க வேண்டிவரும். ஒரு நாள் நுழைவுச் சீட்டில் பக்கத்து ரிசார்ட்டுக்குப் போகும் யோசனையும் வந்தது. நால்வருக்கான தொகையைப் பார்த்ததும் அதுவும் நின்றது.

இரண்டு தீவாகப் பிரிக்கும் ஆசையும் வெட்டப்பட்டது. ஆறு இரவில் தீவு மாறினால் ஒரு முழுப் பகல் போய்விடும், ஏனென்றால் தீவுக்குத் தீவு நேரடிப் படகு பெரும்பாலும் இல்லை, மாலே வந்துதான் மாற வேண்டும்.

கிழமையைப் பொருத்தியது

திட்டத்தின் எலும்பு இதுதான். திகுராவுக்குச் சனி முதல் வியாழன் வரை காலை ஒரு படகு, பிற்பகல் ஒரு படகு என்று விடுதி நேரம் அனுப்பியது. அதை வைத்துப் பின்னோக்கிக் கட்டினோம்.

ஊர் திரும்பும் விமானத்தை வெள்ளி காலை 8 மணிக்கு வைத்தோம். வாரத்தில் வரும் ஒரே வெள்ளி படகே தேவைப்படாத நாளாகிவிட்டது. அதற்கு வியாழன் இரவு ஹுல்ஹுமாலேயில் தங்க வேண்டும். அங்கிருந்து விமான நிலையத்துக்குச் சாலை இருக்கிறது, டாக்சியில் பத்து நிமிடம், பேருந்தும் உண்டு.

வியாழன் எந்தப் படகு? பிற்பகல் படகில் வந்தால் கடலில் இன்னும் அரை நாள் கிடைக்கும், மகளின் விருப்பமும் அதுவே. ஆனால் வானிலையால் அது நின்றுபோனால் அடுத்த நாள் வெள்ளி. விமானம் போய்விடும். காலைப் படகைப் பிடித்தால் பிற்பகல் படகு காப்பாக நிற்கும். காலைப் படகே எடுக்கப்பட்டது. பிடிக்கும் படகுக்குப் பின்னால் இன்னொரு படகு இருக்க வேண்டும் என்ற இந்த விதியை எந்தத் தீவுக்கும் பயன்படுத்தலாம்.

வருகை சனிக்கிழமை பகல் 12.20. பிற்பகல் படகு 4 மணிக்கு. நடுவே மூன்று மணி நாற்பது நிமிடம். பலர் இதை வீண் காத்திருப்பு என்று எண்ணி 2.30 விமானத்தைத் தேர்வார்கள். குடிவரவு வரிசை, பெட்டி, சுங்கம் எல்லாம் சேர்ந்து நெரிசல் நேரத்தில் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். விமானம் அரை மணி தாமதமானாலே படகு போய்விடும். சூரியன் ஆறு மணியைச் சற்றுத் தாண்டி மறைவதால் அதற்குப் பின் வழக்கமான படகும் கிடையாது. மாலத்தீவு நேரம் இந்திய, இலங்கை நேரத்தைவிட அரை மணி பின்தங்கியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சில ரிசார்ட்டுகள் வெளிச்சத்துக்காகத் தங்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்துக்கொள்கின்றன. படகு நேரம் எந்தக் கடிகாரப்படி என்று கேட்டே ஆக வேண்டும்.

விடுதியிடம் எழுத்தில் வாங்கியவை: படகின் பெயர், நால்வருக்கும் இருக்கை உறுதி, விமான எண்ணைக் குறித்துக்கொண்டதற்கான ஒப்புதல், படகைத் தவறவிட்டால் அடுத்த வழி, வானிலையால் நின்றால் பணம் திரும்புமா என்பது. அதோடு தரைத்தள அறை, மாசி எனும் உலர்த்திய சூரை மீன் சேராத சமையல்.

பணம்

விளம்பர விலைக்கும் கட்டும் விலைக்கும் நடுவே மூன்று கூட்டல்கள் இருக்கின்றன. முதலில் 10 விழுக்காடு சேவைக் கட்டணம். அதையும் சேர்த்த தொகைமேல் சுற்றுலா சரக்கு-சேவை வரி, 2025 ஜூலை முதல் 17 விழுக்காடு. பிறகு பசுமை வரி, ஆள் கணக்கில். வரி நீங்கலாக விலை சொல்லும் இடத்தில் அதை 1.287ஆல் பெருக்கிப் பார்த்தால் உண்மை தெரியும். 100 டாலர் அறை 128 டாலர் 70 சென்ட்.

பசுமை வரி 2025 ஜனவரி முதல் இரட்டிப்பானது. ரிசார்ட்டிலும் 50 அறைக்கு மேற்பட்ட விடுதியிலும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 12 டாலர். குடியிருப்புத் தீவில் 50 அறைக்கு உட்பட்ட விடுதியில் 6 டாலர். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு மட்டுமே விலக்கு. 11 வயது மகளுக்கும் முழு வரிதான். ஹுல்ஹுமாலேயில் சில விடுதிகள் 50 அறையைத் தாண்டியவை என்பதால் அங்கே அறை எண்ணிக்கையைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்தக் குடும்பத்தின் கணக்கு: திகுராவில் இரண்டு அறை, அறைக்கு 65 டாலர், காலை உணவுடன், ஐந்து இரவுக்கு 650. வரிகளோடு 836.55. பசுமை வரி நால்வருக்கு ஐந்து நாள் 120. ஹுல்ஹுமாலேயில் இரண்டு அறை 120, வரிகளோடு 154.44, பசுமை வரி 24. தங்கும் செலவு மொத்தம் 1,135. ஸ்பீட்போட் ஆளுக்கு ஒரு வழிக்கு 50 வீதம் 400. திமிங்கிலச் சுறா உலா மூவருக்கு 180. மணல்திட்டு உலா நால்வருக்கு 120. மதியமும் இரவும் சாப்பாடு நாளொன்றுக்கு 60 வீதம் 360. சிம் அட்டை, டாக்சி 45. கூட்டினால் 2,240. மீதி 260 டாலர் தொடாமல் வைக்கப்பட்டது. தவறிய படகு, கூடுதல் இரவு, மருத்துவர் ஆகியவற்றுக்கான பணம் அது. மாலத்தீவில் பத்தில் ஒரு பங்கை இப்படி ஒதுக்காமல் கிளம்புவதை நாங்கள் ஏற்பதில்லை.

விமான நிலைய மேம்பாட்டுக் கட்டணமும் புறப்பாட்டு வரியும் விமானச் சீட்டிலேயே அடங்கிவிடும். 2024 டிசம்பர் முதல் சாதாரண வகுப்பில் வெளிநாட்டவருக்கு இரண்டும் சேர்ந்து 100 டாலர். ‘இவ்வளவு கிட்டத்து நாட்டுக்கு ஏன் இவ்வளவு விலை’ என்ற கேள்விக்கு அதில் பாதி பதில் இருக்கிறது.

பணத்தை டாலர் தாளாகவே கொண்டுபோனார்கள், 1, 5, 10, 20 என்று சிறிய தாள்களாக. கிழிந்ததையும் பேனாக் கிறுக்கல் உள்ளதையும் வாங்க மறுப்பார்கள். அதிகாரப்பூர்வ விகிதம் டாலருக்கு 15.42 ரூஃபியா, சிறு கடைகளில் 15 என்றே கணக்கிடுவார்கள். ஏடிஎம்மில் ரூஃபியாதான் வரும்.

தாள்களும் பையும்

சுற்றுலாப் பயணிக்கு 30 நாள் விசா வந்திறங்கும்போதே இலவசமாகக் கிடைக்கும். அதற்குத் திரும்பும் சீட்டும் எல்லா இரவுக்குமான தங்குமிட உறுதியும் கையில் இருக்க வேண்டும். கடைசி இரவை ‘அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டவர்களிடம் கேள்வி எழும். இமூகா என்ற இணையப் படிவத்தைப் பயணத்துக்கு முந்திய 96 மணி நேரத்துக்குள் நிரப்ப வேண்டும், வரும்போது ஒன்று, திரும்பும்போது ஒன்று. அது இலவசம். கட்டணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல.

சுங்கத்தில் தடுக்கப்படுபவை பலருக்குத் தெரிவதில்லை. மதுவும் பன்றி இறைச்சியும் கொண்டுபோகக் கூடாது. வழியில் வரியில்லாக் கடையில் வாங்கிய முத்திரை உடையாத பாட்டிலையும் நிறுத்தி வைத்துக்கொண்டு திரும்பும்போதுதான் தருவார்கள். மின்சிகரெட்டுக்கு 2024 நவம்பரிலிருந்து தடை. வழிபாட்டுச் சிலைகளும் தடைப் பட்டியலில் உள்ளன. பாட்டியின் கைப்பையில் எப்போதும் இருக்கும் சின்னப் பித்தளைப் பிள்ளையாரை வீட்டுப் பூசையறையிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னோம். இதை முன்கூட்டிச் சொல்வது முக்கியம். சுங்க மேசையில் வைத்துத் தெரிந்துகொள்வது வயதானவர்களுக்கு மிகுந்த மனக்கஷ்டம்.

மற்றவை விரைவாக: மூன்று செவ்வக முனை கொண்ட பிளக் மாற்றி, எல்லோருக்கும் முழுக்கை நீச்சல் சட்டை, தண்ணீர் புகாத பையில் மருந்தும் கடவுச்சீட்டும். தோளும் தொடையும் மூடிய உடை தீவுக்குள் நடக்கும்போதெல்லாம் தேவை. நீச்சலுடை அதற்கென ஒதுக்கிய கடற்கரையில் மட்டும்.

நடந்தது

விமானம் 50 நிமிடம் தாமதம். பெட்டிகள் வந்தபோது மணி 2.10. நான்கு மணிப் படகுக்கு நிறையவே நேரம் இருந்தது. 2.30 விமானத்தில் இதே தாமதம் நேர்ந்திருந்தால் முதல் இரவு மாலேயில்தான்.

படகில் ஏறும்போது பாட்டிக்குச் சிரமம். படகுத்துறைக்கும் படகின் விளிம்புக்கும் உள்ள உயரம் நீரேற்றத்தைப் பொறுத்து மாறும், படகு ஆடிக்கொண்டும் இருக்கும். இரண்டு மாலுமிகள் இரு கையையும் பிடித்து ஏற்ற வேண்டும். இதை வெட்கப்படாமல் கேட்க வேண்டும். உட்காரும் இடமும் முக்கியம். முன்பகுதிதான் அலையில் எழுந்து அறையும், பின்பகுதியில் அதிர்ச்சி பாதிகூட இருக்காது. காட்சிக்காக எல்லோரும் முன்னே ஓடியபோது இவர்கள் பின்வரிசையைப் பிடித்தார்கள்.

விடுதியில் ஒதுக்கியிருந்தது முதல் மாடி. லிஃப்ட் இல்லை, தீவு விடுதிகளில் அது அரிது. தரைத்தளம் என்று எழுதி வாங்கிய செய்தியைக் காட்டியதும் பத்து நிமிடத்தில் மாற்றிக் கொடுத்தார்கள். அந்தச் செய்தி இல்லையென்றால் ஐந்து நாளும் படிக்கட்டுதான்.

உணவில்தான் சறுக்கல். மாசி சேர்க்க வேண்டாம் என்று விடுதிக்கு எழுதியது அங்கே சமையலறைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. இரண்டாம் நாள் வெளியே ஒரு சிற்றுண்டிச்சாலையில் காய்கறிக் கூட்டு கேட்டார்கள். வந்ததில் மாசி. இங்கே அது மீனாகவே எண்ணப்படுவதில்லை, பெருங்காயம்போல ஒரு வாசனைப் பொருள். ‘மீன் வேண்டாம்’ என்றால் துண்டு மீன் மட்டும் போடமாட்டார்கள். மாசித்தூளும், மீன் சாற்றைக் காய்ச்சி எடுத்த விழுதான ரிஹாக்குருவும் வேண்டாம் என்று பெயர் சொல்லித் தவிர்க்க வேண்டும். தூத்துக்குடி, கீழக்கரைப் பக்கத்தாருக்கும் இலங்கைத் தமிழருக்கும் மாசி வீட்டுப் பொருள், சொன்னதும் புரியும். மற்றவர்கள் அந்தப் பெயரையாவது தெரிந்துகொண்டு போகட்டும்.

திமிங்கிலச் சுறா உலாவைத் திங்களுக்கு வைத்து, புதனைக் காலியாக விட்டிருந்தோம். திங்களன்று மூன்று மணி நேரம் தேடியும் ஒன்றும் தென்படவில்லை. கடைசி நாளுக்கு உலாவை வைப்பவர்கள் இந்த இடத்தில் ஏமாந்து திரும்புகிறார்கள். புதனன்று விடுதி பாதிக் கட்டணத்தில் மறுபடி அழைத்துப் போனது, மீதிப் பணத்தின் முதல் செலவு. அன்று ஒரு சுறா. அது போகும் வழியில் நிற்காமல் பக்கவாட்டில் நீந்த வேண்டும், உடலிலிருந்து 3 மீட்டர், வாலிலிருந்து 4 மீட்டர் விலகி. தொடக்கூடாது, ஃபிளாஷ் கூடாது. பல படகுகள் ஒரே சுறாவைச் சூழும்போது ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் குதிக்கிறார்கள். அந்த நெரிசலில் மகளை இறக்காமல், கூட்டம் கலைந்த பிறகு வழிகாட்டியின் கையைப் பிடித்து மிதவை அங்கியோடு இறக்கியது சரியான முடிவு. பாறை விளிம்பில் தரை சட்டென்று ஆழத்துக்குப் போகும், நீரோட்டமும் இழுக்கும். குளத்து நீச்சல் அங்கே உதவாது.

சுறாவைத் தேடிப் படகு மெதுவாக ஊரும்போது, வேகத்தில் போவதைவிடவும் குமட்டல் அதிகம். வாந்தித் தடுப்பு மாத்திரையைப் படகேறும் முன்பே போட வேண்டும். அது தூக்கம் வரவழைக்கும். முதியவர்கள் தங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டே எடுக்க வேண்டும். கணவன் முதல் நாள் சட்டையில்லாமல் ஒரு மணி நேரம் ஸ்நோர்கல் செய்து முதுகைப் பொசுக்கிக்கொண்டார், அடுத்த இரண்டு நாள் அவருக்குக் கடல் இல்லை. இந்தக் குடும்பத்தில் யாரும் ஸ்கூபா செய்யவில்லை. செய்கிறவர்கள் கடைசி முழுக்குக்கும் விமானத்துக்கும் நடுவே 24 மணி நேரம் விட வேண்டும், கடல் விமானத்துக்கும் இது பொருந்தும்.

புதன் இரவு ஒரு செய்தி வந்தது: காலைப் படகு அரை மணி முன்னதாகக் கிளம்பும். இது அடிக்கடி நடப்பது. முந்திய இரவு செய்தியைப் பார்க்காமல் தூங்கியவர்கள் படகுத்துறையில் வெறுங்கடலைப் பார்த்து நிற்பார்கள். வியாழன் ஒன்பது மணிக்குள் விமான நிலையத் துறை வந்து, பெட்டிகளை ஹுல்ஹுமாலே விடுதியில் வைத்துவிட்டு, பாலத்தைக் கடந்து மாலே போய், 1658இல் பவளக் கல்லால் கட்டப்பட்ட பழைய வெள்ளிக்கிழமைப் பள்ளிவாசலை வெளியிலிருந்து பார்த்து, மீன் சந்தையில் சூரை மீன் அரியும் வேகத்தைப் பார்த்துத் திரும்பினார்கள். 2018இல் பாலம் திறந்த பிறகு இந்த அரை நாள் படகு இல்லாமலே கைகூடுகிறது.

அன்றிரவு பெட்டி கட்டும்போது மகளின் பையிலிருந்து மூன்று பவளத் துண்டுகளும் ஒரு குப்பி மணலும் வெளிவந்தன. கரையில் உதிர்ந்து கிடந்ததுதானே என்பது அவள் வாதம். பவளத்தை நாட்டைவிட்டு எடுத்துச் செல்லத் தடை இருக்கிறது, நிலையத்துச் சோதனையில் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள். 1998, 2016, 2024 ஆண்டுகளின் கடல் வெப்பத்தில் வெளுத்து இறந்த பவளங்களின் எலும்பாகவும் அந்தத் துண்டுகள் இருக்கலாம், அலையில் அரைபட்டு மணலாகித் தீவைத் தாங்க வேண்டியவை. இரவு ஒன்பது மணிக்கு ஹுல்ஹுமாலே கடற்கரைக்குப் போய் அவளே அவற்றைத் தண்ணீரில் போட்டுவிட்டு வந்தாள். வெள்ளி அதிகாலை 4.45க்கு டாக்சி வந்தது.